பாரம் கழற்றிய கார்

இன்று பாலையூற்று சலூனுக்குத் தலைமயிர் வெட்டப் போனேன். பக்கத்துக் கதிரையில் தாசண்ணன். எழுபதுகளில் நான் ஓட்டிய பந்தயக் காரை வடிவமைத்தவர்.

சலூன்காரர் போனில் ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்தார். ஏதோ ஒரு பெரிய வெளிநாட்டுப் பந்தயக் குழுவின் கார் தொடர்ந்து தோற்கிறதாம், தொழில்நுட்பத் தலைவரை மாற்றப் போகிறார்களாம்.

எனக்குப் பழைய ஞாபகம் கிளம்பியது.

தாசண்ணன் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு கட்டியவர். படகின் அடியில் பாரம் வைப்பதுபோல எங்கள் காரின் அடியிலும் இரண்டு இரும்புக் கட்டிகளைப் பூட்டியிருந்தார். முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தோம்.

"உந்தப் பாரத்தோட எப்பிடி அண்ணை ஓடுறது?" என்று கத்தினேன்.

"கார் உயரமடா தம்பி. அதைக் குறைக்கிற வரைக்கும் பாரம் கிடக்கட்டும். இல்லாட்டிக் கவிழும்."

எங்கள் குழு பொறுக்கவில்லை. தலைமையை வேறொருவரிடம் கொடுத்தது. அவர் வந்ததும் இரும்பைக் கழற்றினார். அடுத்த பந்தயத்தில் கார் பறந்தது. இரண்டாவது வளைவில் கவிழ்ந்தது.

ஓடி வந்து என்னை வெளியே இழுத்தெடுத்தவர் தாசண்ணன்தான். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

இன்று முடி வெட்டி முடிந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"பாவம், அங்க கார் ஓடுற பெடியன் ஆரடா?"

மழை வந்தால் என் இடது தோள் இன்னும் வலிக்கும். அந்தப் பெடியனின் பெயர் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.