நான்கு விரல் இடைவெளி

என் சிநேகிதன் கலியபெருமாளின் மனைவி செல்வியிடமிருந்து போன் வந்தபோது நான் கருவூல அலுவலகத்தில், ஓய்வூதியக்காரர்கள் வரிசையில், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்தேன். "அவுரு போய்ட்டாருங்க" என்றாள். காலையில் பல் விளக்கிவிட்டு டீ கேட்டிருக்கிறான். அவள் போட்டுக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். எனக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். வரிசையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கையெழுத்தை இன்றுவரை போடவில்லை.

இரங்கல் எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. நாற்பது வருஷம் வாடா போடா என்று பேசிவிட்டு, செத்ததும் மரியாதை கொடுத்தால் கலியபெருமாளே எழுந்து வந்து உதைப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

உங்கள் கார்ப் பிரியர்கள் குழுவில் அவன் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். கோமுகி அணைக்கு முன்னால், வெளிர்நீல கொரோலா தரையோடு தரையாக உட்கார்ந்திருக்க, பானெட்டில் கை வைத்துச் சிரிக்கிறான். 'நம்ம மாவட்டத்துல முதன்முதலா காரை இறக்கிய லெஜண்ட்' என்று கீழே எழுதியிருக்கிறது. ஆளாளுக்குக் கைகூப்பியிருக்கிறீர்கள். படத்தை எடுத்தவன் நான். காரை அப்படித் தரையோடு இறக்கச் சொன்னவனும் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெறும் புகழ்ச்சி வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கலியபெருமாள் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். வடக்கனந்தலில் வீடு. நான் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. எங்களைச் சேர்த்துவைத்தது அந்தக் கார்தான். திருநாவலூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. எஞ்சின் ஹெட் வளைந்து, பார்ட்ஸ் கிடைக்காமல், கோழி அடைய விட்டிருந்தார். ஊரில் அப்போது கார் என்றால் அம்பாசடர். ஜப்பான் வண்டியின் எஞ்சினை நாங்கள் இருவரும், அவர் வீட்டில் சந்தித்துக்கொண்ட அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம். அவன் கோழி எச்சத்தை வேட்டியால் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "இத செஞ்சவன் கைய கண்ணுல ஒத்திக்கணும்டா" என்றான். அந்த மாதமே வாங்கிவிட்டான்.

ஓடவைத்ததோடு விட்டிருந்தால் அவன் வெறும் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில், மூன்று மாதம், ஹெட்டின் உள்வழிகளை அரத்தாலும் எமரி காகிதத்தாலும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினான். பாய்லர் குழாய்த் துண்டுகளை ஆலைக் கழிவிலிருந்து வாங்கி வந்து, நான்கு சிலிண்டருக்கும் நான்கு குழாயை ஒரே நீளத்தில் வளைத்து ஒன்றில் சேர்த்து எக்ஸாஸ்ட் செய்தான். ஏன் ஒரே நீளம் என்று கேட்டேன். "ஒண்ணு வுட்ட மூச்சு இன்னொண்ணு மூஞ்சில அடிக்கக் கூடாது. ஆளுக்கு அவன் அவன் வழி" என்றான். இன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டி, சைலன்சரில் ஓட்டை போட்டுவிட்டு ட்யூனிங் என்கிறீர்களே, அவன் வண்டியில் சத்தமே ஜாஸ்தி கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் முதுகை சீட்டோடு அழுத்தும்.

ஆலை ஓடாத மாதங்களில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுவோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் எழுதுவேன். அவன் கொண்டை ஊசி வளைவுகளில் தனக்குத்தானே பேசிக்கொண்டே ஓட்டுவான். ஒருமுறை தேன் விற்கிற மலைக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டோம். வழி முழுக்க அவர் முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளிமலையில் இறங்கியதும், "பஸ்ஸுல வந்தா வாந்தி வரும் சாமி. இதுல அதுக்கும் நேரமில்ல" என்றார். கலியபெருமாள் இதை ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தத் திருநாவலூர்க்காரர் ஒரு ஜப்பான் கார்ப் பத்திரிகையைக் கொடுத்திருந்தார். எழுத்து எதுவும் புரியாது, படம்தான். அதிலிருந்த கொரோலாக்களில் டயரின் மேல்பகுதி மட்கார்டுக்குள் மறைந்திருந்தது. எங்கள் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் நான்கு விரல் தாராளமாகப் போனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அரித்தது. "இன்னாடா இது, மாட்டு வண்டி கணக்கா நிக்குது" என்றேன். அவன், "நம்ம ரோட்டுக்கு அது ஆவாதுப்பா" என்றான். நான் விடவில்லை. இரண்டு மாதம் பார்க்கும்போதெல்லாம் விரலை விட்டுக் காட்டி நச்சரித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ப்ரிங்குகளைக் கழற்றினான். ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சிக்கோ. வெட்னா வெட்னதுதான். ஸ்ப்ரிங்க திருப்பி ஒட்ட முடியாது" என்றான். நான் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்று வெட்டினான்.

வண்டியைத் தரையில் இறக்கியதும் அவனே பின்னால் நகர்ந்து போய், தலையைச் சாய்த்துப் பார்த்தான். "வண்டி இப்பத்தாண்டா ஒக்காந்துகினு இருக்குது" என்றான். அழகாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் பிறகு, உங்கள் குழுவில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. வட மாவட்டம் முழுக்க மரங்களை வெட்டிச் சாலையில் தள்ளியிருந்தார்கள், குறுக்கே பள்ளம் வெட்டியிருந்தார்கள். பஸ் இல்லை, கோர்ட் இல்லை. கலியபெருமாளின் தம்பி வேலு அதில் முன்னால் நின்றான். ஐ.டி.ஐ. முடித்து நான்கு வருஷமாக வேலை இல்லாதவன். அண்ணனிடம், "நீ தடுக்க மாட்டியா?" என்று கேட்டேன். "எனுக்கு வேல இருக்குது, அவனுக்கு இல்ல. கேக்கட்டும், கேக்காம எவன் குடுப்பான்?" என்றான்.

மூன்றாம் நாள் காலை வடக்கனந்தல் சாலையில் புளியமரம் ஒன்றை வெட்டும்போது, அது எதிர்பார்த்த பக்கம் சாயாமல் வேலுவின் மேல் விழுந்தது. இடுப்புக்கு மேலே அடி. வெளியே ரத்தம் இல்லை, வயிறு மட்டும் கல்லாக இருந்தது. கலியபெருமாள் அவனைக் கொரோலாவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்தான். மறியல்காரர்கள் வேலுவைப் பார்த்ததும் கிளைகளை இழுத்து வழிவிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். கோர்ட் மூடிக் கிடந்ததால், விஷயம் கேள்விப்பட்டு நானும் அங்கே ஓடியிருந்தேன்.

வாசலில் டாக்ஸி ஓட்டுகிற மஸ்தான் பாய் அம்பாசடரோடு நின்றுகொண்டிருந்தார். "என் வண்டில ஏத்துங்கப்பா. மெதுவா போனாலும் போய்ச் சேந்துடும்" என்றார். கலியபெருமாள் என் முகத்தைப் பார்த்தான். அவன் கேட்டது என்னைத்தான். நான் சொன்னேன், "அம்பாசடர்ல போனா சாயந்தரம் ஆயிடும்டா. நம்ம வண்டின்னா ரெண்டு மணி நேரம்." கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் எழுதிப் பழகிய புத்தி. அவன் தம்பியை மறுபடியும் கொரோலாவிலேயே படுக்கவைத்தான். வேலுவின் தலை என் மடியில் இருந்தது.

தியாகதுருகம் வரை பறந்தோம். மரம் கிடந்த இடங்களில் வயலில் இறக்கி ஏற்றினான். எலவனாசூருக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே பள்ளம். பெரிய ஆழமில்லை, ஆனால் இரண்டு பக்கமும் கால்வாய். சுற்றிப் போக வழியில்லை. அங்கே நின்றிருந்த ஆட்கள் வேலுவை அடையாளம் கண்டுகொண்டு, கையால் மண்ணைத் தள்ளிக் கிளைகளைப் போட்டார்கள். கலியபெருமாள் வண்டியை அங்குலம் அங்குலமாக இறக்கினான். முன் சக்கரம் இறங்கியது. அடியில் டமார் என்று ஒரு சத்தம். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப் உடைந்து, மொத்த ஆயிலும் பள்ளத்தில் ஓடியது.

என் மடியிலிருந்து வேலு மெல்லப் பேசினான். "இது நாங்க வெட்ன பள்ளம்தாண்ணா. மொத நாளு டிராக்டர்ல வந்து வெட்னோம். இன்னும் ஆழமா வெட்டணும்னாங்க. நாந்தான் போதும்னேன். ஆஸ்பத்திரிக்குப் போற அம்பாசடரு எதுனா வந்தா தாண்டட்டும்னு." குழந்தை மாதிரி, செய்த நல்ல காரியத்தைச் சொல்கிற குரலில் சொன்னான். வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவன் அண்ணனுக்கும் அது கேட்டது.

கலியபெருமாள் வெளியே வந்தான். சட்டையெல்லாம் ஆயில். என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரலையும் சேர்த்துக் காட்டினான். சம்ப் இடிக்காமல் தாண்ட எவ்வளவு உயரம் குறைந்தது என்று அளந்திருக்கிறான். அவனுக்கு அந்த நேரத்திலும் அளக்கத்தான் தெரிந்தது. அவன் என்னைக் குற்றம் சொல்வதற்காகக் காட்டவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் காட்டினான்.

பத்துப் பதினைந்து பேர் காரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். என்ன பிரயோஜனம், ஆயில் இல்லாத எஞ்சின். ஒரு மைல் போனதும் இறுகி நின்றுவிட்டது. அங்கே வெயிலில், வேப்பமர நிழல்கூட இல்லாத இடத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அப்புறம் தூரத்தில் ஒரு வண்டி வந்தது. மஸ்தான் பாய். "மனசு கேக்கலப்பா, பின்னாலயே வந்துகினு இருந்தேன்" என்றார். பள்ளத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "எந்தப் பள்ளம்?" என்றார் அவர்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் வேலு அந்த அம்பாசடரிலேயே இறந்துபோனான். தண்ணீர் கேட்டான், கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கொடுக்கவில்லை. கலியபெருமாள் அழவில்லை. "வண்டியத் திருப்புங்க பாய்" என்று மட்டும் சொன்னான்.

கொஞ்ச காலம் கழித்து இடஒதுக்கீடு வந்தது. வேலுவோடு மண் வெட்டிய ஒருவன் பிற்பாடு எங்கள் கோர்ட்டிலேயே வேலைக்கு வந்து என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தான். நல்ல பையன். அவனோடு என்னால் ஒருநாளும் சரியாகப் பேச முடிந்ததில்லை. போராட்டத்தில் செத்தவர்கள் பெயரைச் சொல்லும்போது யாரும் வேலுவைச் சொல்வதில்லை. மரம் விழுந்து செத்தவன்தானே.

கலியபெருமாள் காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டான். ஆறு மாதத்தில் எஞ்சினைப் புதிதுபோல் ஆக்கினான். ஆனால் ரோட்டுக்கு எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குக் கழுவி, பொட்டு வைத்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவான். நான் தவறாமல் போவேன். வேறு ஸ்ப்ரிங் போட்டு உயர்த்திவிடலாமே என்று ஒருமுறை சொன்னேன். "இனிமே இன்னாத்துக்குடா?" என்றான்.

அவன் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது தொலைத்திருப்பேன். போன ஆயுத பூஜைக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். "நாந்தாண்டா வெட்டச் சொன்னேன். அம்பாசடர் வேணாம்னதும் நாந்தான்." அவன் எஞ்சினை அணைத்தான். இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். பொய்யாகவாவது சொல்வான் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக எதிர்பார்த்தேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எத்தினியோ வாட்டி கணக்குப் போட்டுப் பாத்துட்டேண்டா. அதே தான் வருது" என்றான். பிறகு சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டான். சாப்பிட்டோம். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது செல்வி ஒரு துணி மூட்டையை என் கையில் கொடுத்தாள். "ஷெட்டுல மேல் பலகையில இருந்துதுங்க. நான் போய்ட்டா இத அவன்கிட்ட குடுத்துடுன்னு எப்பவோ சொன்னாரு. இன்னான்னு எனுக்குத் தெரியாது." எனக்குப் பிரிக்காமலே தெரிந்தது. அன்று வெட்டிய நான்கு ஸ்ப்ரிங் துண்டுகள். எதிலும் துரு இல்லை. இத்தனை வருஷமும் எண்ணெய் பூசி வைத்திருக்கிறான்.

அவனிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். எனக்குப் பிறகு இதைக் கொடுக்க எனக்கு ஆள் இல்லை. உங்கள் குழுவிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லமாட்டேன். கலியபெருமாள் பெயருக்குக் கீழே வேலுவின் பெயரையும் போடுங்கள், முடிந்தால். ஒரு துண்டு இப்போது நான் எழுதுகிற மேஜைமேல் நிற்கிறது. கட்டைவிரலை மடக்கி, கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக நான்கு விரல் உயரம்.