மகளுக்குச் சுட்ட பொம்பே டோஸ்ட்

மகளைப் பாடசாலைக் கரப்பந்து அணியில் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பரபரப்பு. பிள்ளைக்கு உடம்பில் பலம் காணாது, முட்டையும் பாலும் கொடுங்கோ என்று பயிற்றுநர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளோ பாலைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். அவித்த முட்டையின் மணம் வந்தாலே முற்றத்துக்கு ஓடிவிடுவாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்குக் காலை வேலை வந்தால் குசினியில் சமையல் என்னுடையது. பொம்பே டோஸ்ட் சுட்டால் இரண்டும் சேர்ந்து உள்ளே போய்விடுமே என்று திடீரென்று தோன்ற, சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் பறந்தேன். சுடச்சுடப் பாண் வாங்கி வந்து வெட்டி, பாலும் முட்டையும் அடித்த கலவையில் தோய்த்தேன். தூக்கினால் கையோடு கரைந்து வந்தது. தாச்சியில் கிடந்தது வெறும் களி. மகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வாழைப்பழத்தோடு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

பின்னேரம் கதையைக் கேட்டு மனைவி சிரித்தாள்.

"புதுப் பாணுக்குள்ளை ஏற்கெனவே ஈரம். அது பாலையும் குடிச்சால் நிக்குமே? நேற்றையான் பாண் எடுங்கோ."

ஆட்டாமாப் பாண் என்றால் நார்ச்சத்தும் சேரும், கெதியில் பசிக்காது என்றும் சொன்னாள்.

மகளின் அணி இறுதிப் போட்டி வரை வந்துவிட்டது. அதற்கு முதல்நாளே ஆட்டாமாப் பாணை விரல் தடிப்பில் வெட்டித் தட்டில் பரப்பி ஈரம் வற்றவிட்டேன். காலையில் கலவைக்குள் ஒரு சிட்டிகை உப்பும் கறுவாப்பட்டைத் தூளும் போட்டேன். இந்தமுறை பாண் உடையாமல் பாலை உறிஞ்சியது. கொஞ்சம் பட்டரில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக வந்தபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. சீனி போடவில்லை, நீர்வேலிக் கதலி வாழைப்பழத்தை அரிந்து மேலே வைத்தேன்.

மகள் ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குள்ளை முட்டை இருக்கோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஓம். பாலும் இருக்கு."

அவள் தட்டை நீட்டினாள். "அப்ப இன்னொண்டு வையுங்கோ."

அன்று மைதானத்தில் அவள் அடித்த கடைசிப் பந்தை எதிரணியால் எடுக்க முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருநாள் சாப்பாட்டில் யாரும் வெல்வதில்லை, தினமும் சாப்பிட்டால்தான் தசை பலப்படும் என்றாள் மனைவி. எனக்கும் தெரியும். என்றாலும் வரும் வழியில் மூன்று றாத்தல் பாண் வாங்கினேன். அணிப் பிள்ளைகள் எல்லோரையும் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தாள் மகள்.