மூலத்தில் இல்லாத வரி

மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது என் தொழில். மூலத்தில் இல்லாத ஒரு கமாவைக்கூட உள்ளே விடமாட்டேன். இதனால் எனக்குக் கூட்டாளிகள் குறைவு.

இரண்டாம் உலகப் போரில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட நாளைப் பற்றி, உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சிறு கண்காட்சி வைத்தார்கள். அன்று துறைமுகத்தை ஆண்ட ஆங்கிலேயர் ஒரு பலகைக்கும் ஜப்பானியர் ஒரு பலகைக்கும் எழுதி அனுப்பியிருந்தார்கள். வாசித்தபோது எனக்கு உண்மையாகவே மதிப்பு வந்தது. எதிரியைத் துரத்தியடித்தோம் என்று அன்று மார்தட்டிய ஆங்கிலேயர், பிறகு தப்பியதே பெரிய காரியம் என்றார்கள். இப்போது எங்கள் ஆயத்தம் போதவில்லை என்று தாங்களே எழுதுகிறார்கள். ஜப்பானியர் வெற்றி என்று கொண்டாடி, பல காலம் வாயே திறக்காமல் இருந்து, இன்று இரு பக்கத்து இறந்தவர்களுக்கும் தலை வணங்குகிறார்கள். சொன்னதை ஊரறிய மாற்றிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும். என்னால் வீட்டில்கூட அது ஏலாது.

தமிழாக்கியவர் பக்கத்து ஊரான கிண்ணியாவின் ஆசிரியை ஒருவர். குறை பிடிக்க இடமே வைக்கவில்லை. ஆனால் இரண்டு பலகைகளின் முடிவிலும் ஒரு வரி கூடியிருந்தது: ‘துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஊர்க்காரரும் அன்று இறந்தார்கள்.’

சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அவரை வரச் சொன்னேன். வந்தவர் எதையும் மறைக்கவில்லை.

“ஓம் சேர், மூலத்தில இல்லதான். செத்த ஆக்கள்ல எங்கட மூத்தாப்பா, வாப்பாட வாப்பா, அவரும் ஒராள். வாப்பா அப்ப கைக்குழந்தை. மையத்தும் கிடைக்கல்ல, அடக்கின கபுறும் இல்ல. பெருநாள் தொழுகை முடிய எல்லாரும் தங்கட வாப்பாமார்ட கபுறடிக்குப் போய் ஸலாம் சொல்லுவாங்க. எங்கட வாப்பா மட்டும் உள்ள போகாம வாசல்லயே நிப்பார்.”

ஆனாலும் மூலத்தில் இல்லாததை உள்ளே விட ஏலாது என்றேன். அவர் முகம் வாடியது. அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. இத்தனை தரம் கதையை மாற்றியவர்கள், இன்னொரு தரம் மாற்றமாட்டார்களா? அன்றைக்கே அவரையும் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, இரண்டு தரப்புக்கும் எழுதினேன்.

ஆங்கிலேயர் ஓம் என்றார்கள். தங்களுக்குத் தெரியாமல் போனதற்கு வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். ஜப்பானியர் கொஞ்சம் தாமதித்தார்கள். பிறகு அந்த வரியைக் கடைசியில் அல்ல, முதலில் போடச் சொன்னார்கள்.

திறப்பு நாளன்று ஆசிரியை தகப்பனைக் கூட்டிவந்தார். எண்பது கடந்தவர், கண் மங்கல். மகள் அந்த வரியை வாசித்துக் காட்டினார். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பலகைக்குக் கிட்டப் போய் நின்றார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா” என்றார்.