எலும்பில் கேட்ட மணி

சேலத்தில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு, சங்ககிரியில் நாத்தனார் வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரை நான்தான் ஓட்டினேன். பல வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று என் கணவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. காதில் மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். அந்தச் சீட்டை என் கணவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வழியில் பழைய தேவாலயத்தின் மணிக்கோபுரம் தெரிந்ததும் என் தோளைத் தொட்டார். "நிறுத்து புள்ள. ரிக்ல போற காலத்துல இருந்து பாக்கறேன், ஒரு நாளும் உள்ள போனதில்ல."

நெற்றிக் குங்குமத்தோடு உள்ளே போகலாமா என்று தயங்கினேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, "செருப்ப மட்டும் உட்டுட்டு வாங்க சாமி," என்றார்.

உள்ளே குளுமையாக இருந்தது. கைகூப்பியதுபோல் கூர்ந்து உயரும் வளைவுகள், கோத்திக் பாணியாம். மணிக்கோபுரம் மட்டும் வேறு மாதிரி. பின்னாளில் பரோக் பாணியில் கட்டியது என்றார் அந்த அம்மா. உருண்ட தூண்கள், சுருள் சுருளாய்ச் சுதை வேலை, உச்சியில் கவிழ்த்த குடம்போல் ஒரு குவிமாடம்.

என் கணவர் கோபுரத்தின் உள்சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோது, நடுப்பகல் மணி அடிக்க அந்த அம்மா கயிற்றை இழுத்தார். எனக்குக் காது அடைத்தது. என் கணவரோ திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, நெற்றியையும் சாய்த்துக்கொண்டார். மணி ஓய்ந்த பிறகும் அப்படியே நின்றார்.

"எலும்புல கேக்குது புள்ள! இன்னொருக்கா அடிக்கச் சொல்லு."

கேட்டேன். அந்த அம்மா சங்கடப்பட்டார். "நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா, யாரோ தவறிட்டாங்கன்னு சனம் ஓடியாந்துருமுங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு அடிப்பமுங்க."

ஆறு என்று விரலால் காட்டினேன். "அதுவரைக்கும் இங்கயே இருக்கலாம் புள்ள," என்றார் என் கணவர்.

வர நேரமாகும் என்றதும் போனில் நாத்தனார் கோபித்துக்கொண்டார். ரோட்டோரக் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். பாறை உடைந்து தண்ணீர் கிளம்பும்போது காலுக்கடியில் தரை எப்படி அதிரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் அதையெல்லாம் என்னிடம் சொன்னதேயில்லை.

ஆறு மணிக்கு அந்த அம்மா கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தார். முதல் இழுப்பில் மணி அசையவில்லை. "இழுத்து உடோணுங்க," என்று சைகையோடு காட்டினார். அடுத்த இழுப்பில் கோபுரமே முழங்கியது. அதன்பிறகு அவர் நிறுத்தவேயில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

நாத்தனார் வீட்டுக்குப் போனபோது பாயசம் தீர்ந்துபோயிருந்தது. என் கணவர் அதைக் கவனிக்கவே இல்லை. வாசலிலேயே நின்று, நடந்ததையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார்.