தொட்டியில் ஊற்றிய திருஷ்டி உப்பு

அப்பாவுக்கு வேலை போன வருடம்தான் எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது. பீடோங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பாலுக்கு மருந்து அளந்து கலப்பவர் அவர். ஒருநாள் கலவை கெட்டுப்போக, அளவு தப்பு என்று அனுப்பிவிட்டார்கள். "நான் சரியாத்தான் அளந்தேன்" என்று அப்பா தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தார். விசாரணைக்குத் தேதியும் வந்திருந்தது. எனக்குப் பத்து வயது. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்ததில் எனக்குக் கொண்டாட்டம்.

தொட்டி வைப்பதைக் கைப்பேசியில் பார்த்தே கற்றுக்கொண்டார். மோட்டார் இல்லை, விளக்கு இல்லை, ஜன்னல் வெயில் மட்டும். அடியில் மெர்போக் ஆற்றுச் சேறு, எஸ்டேட் கால்வாயில் பிடுங்கிய நீர்ச்செடி, அங்கேயே பிடித்த நாலைந்து சின்ன மீன். ஆறும் கடலும் கலக்கும் இடத்துத் தண்ணீராக அதை மாற்றவேண்டுமாம். வாரம் ஒரு கரண்டி உப்பு, அதையும் விரலால் வழித்துச் சமமாக்கித்தான் போடுவார்.

"ஏன்பா இவ்ளோ கொஞ்சம்?"

"மெதுவா பழக்கணும்லா கண்ணு."

செடி துளிர்த்த அன்று அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து, "அய்யோ, எவ்ளோ அழகுலா அண்ணே!" என்று வாயைப் பிளந்தார். போதாதா? அந்த வெள்ளிக்கிழமையே அம்மா அப்பாவை உட்காரவைத்து, இரண்டு கை கல்லுப்பால் தலையைச் சுற்றி என்னிடம் நீட்டினார். "தண்ணியில கரைச்சு வெளிய ஊத்திட்டு, திரும்பிப் பார்க்காம வா."

தொட்டிதான் உப்புக்கு ஏங்கிக் கிடக்கிறதே, இதை ஏன் வீணாக்க வேண்டும்? அவ்வளவையும் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். சொன்னபடி திரும்பியும் பார்க்கவில்லை. அப்படி ஒரு நல்ல பிள்ளை.

காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. செடி வெந்த கீரையாய்க் குழைந்திருந்தது. உப்பு கொல்லும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! இன்று தோல் உரியப்போகிறது என்று கதவோரம் நின்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். முந்தின நாள்தான் அந்த வாரத்து உப்பைப் போட்டிருந்தார். கரண்டியை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நான்தானே போட்டேன்..." என்றவர், அம்மா பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "அங்கயும் நான்தான் தப்பா அளந்துட்டேன் போல."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பெரியவர்கள் மீனுக்காக அழுவார்களா என்று நான் திகைத்துப்போனேன். வாயைத் திறந்தால் அடி விழும் என்று திறக்கவில்லை. அடியும் விழவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

விசாரணை நாளன்று அப்பா போகவில்லை. அம்மா எவ்வளவோ கெஞ்சியும் சட்டையை மாட்டவில்லை, என்னோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். எனக்கு ஒரே சந்தோஷம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.