பேச்சுகளில் போன இறுதிப் போட்டி

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் உதைபந்தாட்ட அணிக்கு அந்த ஒரு கோடைதான் உருப்படியாக அமைந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து நடத்திய சுற்றுப்போட்டி. சனிக்கிழமை சனிக்கிழமையாக விளையாடி, ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்று, இறுதிப் போட்டிக்கு வந்திருந்தோம். நான் அணித் தலைவன். படிப்பு முடிந்துவிட்டது, செப்டெம்பரில் வேலைக்குச் சேர வேண்டும். அதோடு என் பந்து விளையாட்டு முடிந்தது.

நான் விளையாடி அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார், வாரத்தில் ஏழு நாளும் வேலை. பந்து என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் இறுதிப் போட்டி நடந்த ஞாயிறு வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு, சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயும் பஸ்ஸும் பிடித்து அஜின்கோர்ட் மைதானத்துக்கு வந்துவிட்டார். நாலரைக்கு வெளிக்கிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஆட்டம் இரண்டு மணிக்கு. தாராளமாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நம்மவர் விழாக்களைத் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு இரண்டு அணியும் தயார். மத்தியஸ்தர் விசிலோடு நிற்கிறார். பிரதம விருந்தினரைக் காணோம். அவர் வராமல் பந்தை நடுவில் வைக்கக் கூடாதாம். வீடு விற்கிற ஏஜென்ட் அவர், மூன்றேகாலுக்கு ஆறுதலாக வந்து இறங்கினார். நாங்கள் வரிசையில் நிற்க, அவருக்கு மாலை போட்டார்கள். பிறகு குத்துவிளக்கு. காற்றடிக்கிற வெட்டவெளியில் ஐந்து திரி. ஒன்றைக் கொளுத்த மற்றது நூர்ந்தது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சங்கத்துக்கு ஒன்றாக வாழ்த்துரை. ஒருவரை விட்டால் அவர் கோபித்துக்கொண்டு அடுத்த வருடம் அணி அனுப்ப மாட்டார். நகரசபை தந்த பெர்மிட் ஐந்து மணி வரைதான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. இளைஞர்கள் விளையாட வேண்டும் என்று ஒரு மனிதர் இருபது நிமிடம் பேசினார், விளையாட வந்த இருபத்திரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு.

அந்த நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சுச் செய்தவனே நான்தான். பதினொரு பெயர் தந்தார்கள். பெரியவர்களோடு ஏன் வாய் கொடுப்பான் என்று பதினொன்றையும் அப்படியே அடித்துக் கொடுத்திருந்தேன்.

நாலு மணிக்குப் பொறுக்க முடியாமல் சுற்றுப்போட்டிச் செயலாளரிடம் போனேன்.

"அண்ணை, மிச்சப் பேச்சை விளையாடி முடிஞ்ச பிறகு வைப்பமே?"

"உதென்ன கதை? பிறகு ஆர் நிண்டு கேப்பினம்?"

அப்பா கயிற்றுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பேச்சுக்கும் மரியாதையாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றி எரிந்தது. ஏழாவது ஆள் மைக்கைப் பிடித்தபோது என்னிடம் வந்து, "தம்பி, நான் வாறன். வடிவா விளையாடு" என்றார். பஸ் நிறுத்தத்துக்குப் போகும்வரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பந்து இன்னும் மேசைக்குக் கீழேதான் கிடந்தது.

ஐந்து மணிக்கு அடுத்த பெர்மிட்காரர், போர்த்துக்கேயர்கள், பைகளோடு மைதானத்துக்குள் இறங்கினார்கள். மத்தியஸ்தர் விசிலைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். செயலாளர் ஒரு நாணயத்தைச் சுண்டினார். நாங்கள் வென்றோமாம். கிண்ணத்தை அந்த ஆளின் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். நானோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படத்துக்குச் சிரித்தேன்.

மறுநாள் காலை அப்பா தேத்தண்ணியை வைத்துவிட்டு, ரிவிக்கு மேல் இருந்த கிண்ணத்தை எடுத்துப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நடந்ததைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"எத்தனைக்கு எத்தனை?"

"ரெண்டுக்கு ஒண்டு."

"நீயும் அடிச்சனியோ?"

"ஓம், ஒண்டு."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் காலால் அடித்தாய் என்று கேட்டார். இடக்காலால் என்றேன்.