குருசுமுத்தரின் நீலச் சாரம்

ஊர்காவற்றுறை நீதிமன்ற வாசலில் ஓட்டோ ஓட்டும் குருசுமுத்தருக்கு வாய் கொஞ்சம் நீளம். அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. முப்பது வருசம் கடலில் நின்ற மனிசன், முழங்கால் ஏலாமல் போனபிறகு வள்ளத்தை விற்று ஓட்டோ வாங்கினார். ஓட்டோவை நிறுத்துவதற்கு இன்றைக்கும் ‘கட்டுறது’ என்றுதான் சொல்லுவார். “கட்டிப்போட்டு வாறன்” என்றால் மனிசி ஞானசவுந்தரி விடமாட்டா. “வடிவா இறுக்கிக் கட்டுங்கோ, அலை கொண்டுபோயிடும்” என்பா.

அந்த ஓட்டோவில் போன வருசம் ஏறத் தொடங்கியவ லக்சிகா, சட்டத்தரணி, புங்குடுதீவு இறுப்பிட்டிப் பிள்ளை. கரையோரத்து மணலை டிப்பர் டிப்பராக ஒரு கூட்டம் அள்ளிக்கொண்டு போக, இருபத்திரண்டு குடும்பத்தின் கிணறுகள் உவராகிப் போயின. அந்தச் சனத்துக்காகக் கோட்டில் நின்றது அவதான். ஒருநாள் பின்னேரம் அவவுடைய ஸ்கூட்டர் சீட்டை ஆரோ கத்தியால் கீறி, உள்ளே ஒரு கடிதத் துண்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘அடுத்த வழக்குத் தவணைக்குப் போனால் நடக்கக் கால் இராது.’

லக்சிகா பொலிசில் முறைப்பாடு கொடுத்தா. மற்றச் சட்டத்தரணிகளும் சேர்ந்து கையெழுத்து வைத்துப் பாதுகாப்புக் கேட்டார்கள். ஒழுங்கு செய்வதாகப் பதில் வந்தது. எப்போது, எப்படி என்று ஒன்றும் தெரியாது.

“பிள்ளை, தவணைக்குப் போவீங்களோ?” என்று கேட்டார் குருசுமுத்தர்.

“நான் போகாட்டி அந்தச் சனத்துக்கு ஆர் கதைக்கிறது, அண்ணை?”

“அப்ப ஸ்கூட்டரை விடுங்கோ. என்ர ஓட்டோவில ஏறுங்கோ.”

சும்மா சொன்ன கதையில்லை அது. தொண்ணூற்றெட்டில் அவருடைய தம்பியை ஆளை மாறிப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கெடுத்த சட்டத்தரணி நல்ல மனிசன். ஆனால் அவருடைய வீட்டுக்குக் கடித உறைக்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு வந்தது. அதோடு அவர் வரவில்லை. தம்பி மூன்று வருசம் மறியல் வீட்டில் கிடந்தான். குருசுமுத்தர் அந்த மனிசனை ஒருநாளும் திட்டியதில்லை. “அவருக்குப் பக்கத்தில நாங்கள் ஒருத்தரும் நிக்கேல்லையே” என்பார். அந்தக் கவலை அவருக்குள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

தவணை நாள் வந்தது. புங்குடுதீவிலிருந்து வேலணைக்கு வர, கடலுக்கு நடுவால் நீளத் தாம்போதி றோட்டு ஒன்று. வீடில்லை, வளவில்லை, இரண்டு பக்கமும் தண்ணீர். காலை எட்டு மணிக்கு ஓட்டோ அதில் பாதி வந்திருக்கும். முன்னே, றோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வான் நின்றது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர் இறங்கிக் கை காட்டினார்கள்.

வெள்ளை வானில் ஏற்றப்பட்ட ஆட்கள் திரும்பி வராத காலத்தைக் கண்ட எங்கட ஆக்களுக்கு அதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. குருசுமுத்தர் ஓட்டோவை நிறுத்தி இறங்கினார். சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்த தடியை இழுத்து, அதில் முதலே கட்டி வைத்திருந்த, இடுப்பில் உடுக்கிற நீலச் சாரத்தை விரித்து, றோட்டு நடுவில் நின்று தூக்கிப் பிடித்தார்.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. மெசின் நின்றாலும் ஆளுக்கு ஏலாமல் போனாலும், தடியில் சாரத்தைக் கட்டித் தூக்கினால் கண்டவன் வந்தேயாக வேண்டும். கரையில் வெட்டுப்பகை என்றாலும் வரத்தான் வேண்டும். காலையில் வலை பார்க்கத் தாம்போதியின் இரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். முதலில் தண்ணீரை உழக்கிக்கொண்டு ஏறி வந்தது ஆர் என்கிறீர்கள்? இன்னாசித்தம்பி. வலை போடும் இடத்துத் தகராறில் எட்டு வருசமாகக் குருசுமுத்தரின் முகம் பார்க்காத மனிசன். கையில் வள்ளம் வலிக்கும் சவள். பின்னால் அதேபோல் பதின்மூன்று பேர்.

வானில் வந்த இரண்டு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. “அண்ணை, நான் ஜெனோசன். பொலிஸ். லோயருக்குப் பாதுகாப்புக்கு அனுப்பினவை” என்றான் இளையவன்.

“முந்தி வந்தவையும் அப்பிடித்தானே சொன்னவை” என்றார் இன்னாசித்தம்பி.

லக்சிகா இறங்கி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, போனில் இரண்டு பேரோடு கதைத்தா. உண்மையான பொலிஸ்தான். அதைக் கேட்டதும் பதினாலு பேரும் சவளைப் பதித்துவிட்டு எங்கேயோ பார்த்தார்கள். லக்சிகாவுக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. கண்ணும் கலங்கியிருந்தது.

“வந்தது வந்தாச்சு, கோட்டு வாசல் மட்டும் போவம்” என்றார் இன்னாசித்தம்பி. முன்னால் வான், நடுவில் ஓட்டோ, பின்னால் அந்த வழியால் வந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஈரச் சாரத்தோடு பதினாலு பேர். கோட்டு வாசல் வேப்பமரத்தடியில் டிப்பர்காரர் நாலு பேர் கால் மேல் கால் போட்டு இருந்தார்கள். ஈரச் சாரத்துக்காரர் வந்து அதே நிழலில் குந்த, அவர்கள் மெல்ல எழும்பிப் போனார்கள். உள்ளே லக்சிகா குரல் நடுங்காமல் ஒரு மணித்தியாலம் பேசினா. வழக்கு முடியும்வரை மணல் ஏற்றக்கூடாது என்று கட்டளை வந்தது.

இரண்டு மாதத்தில் பொலிஸ் பாதுகாப்பு முடிந்தது. லக்சிகா ஸ்கூட்டருக்குப் புதுச் சீட்டுப் போட்டா. “அண்ணை, இனி நான் தனியப் போய்ப் பாக்கிறன். அந்தச் சாரத்தைத் தாங்கோ.”

“நத்தார்ப் பண்டிகைக்கு நான் எடுத்துத் தந்த சாரம். குடுத்திட்டீங்களோ?” என்றா அன்றிரவு வீட்டில் ஞானசவுந்தரி.

“ஓம், குடுத்தனான்.”

“தடி?”

“தடி ஸ்கூட்டரில கொள்ளாதாம்.”

அடுத்த தவணையன்று குருசுமுத்தர் வேலணைப் பக்கமிருந்து வெறும் ஓட்டோவோடு தாம்போதிக்கு வந்தார். எதிரே லக்சிகா, கறுப்புக் கோட்டை மடித்து முன்னே வைத்துக்கொண்டு தனியே வந்துகொண்டிருந்தா. அவர் ஓட்டோவைக் கரையில் கட்டினார். இரண்டு பக்கத்துத் தண்ணீரிலும் வலை பார்க்க வந்த ஆட்கள் நின்றார்கள். ஸ்கூட்டர் கரையேறும்வரை அவர்களில் ஒருத்தரும் வலைக்குக் குனியவில்லை.